காணாத மலைக்கு ஒரு திட்டம்

யான், குரூண், பீடோங் வட்டாரங்களில் வாழ்வோருக்குக் குனோங் ஜெராய் அன்றாடக் காட்சி. நெல்வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் மேலே நீலநிறத்தில் எழுந்து நிற்கும் அம்மலையின் உயரம் 1,217 மீட்டர். பள்ளிச் சாரணர் குழு ஒன்று அதில் ஏறப் புறப்பட்டால் முதலில் ஒரு பட்டியல் தயாராகும். தண்ணீர், உணவு, மழைச்சட்டை, கைவிளக்கு, முதலுதவிப் பெட்டி என அது நீளும். பாதை தெரிந்த மலைதான். மேலே செல்லச் சாலையும் உண்டு. ஆயினும் பட்டியல் இல்லாமல் எந்த ஆசிரியரும் மாணவரை அழைத்துச் செல்வதில்லை.

ஏற வேண்டிய மலையை அதுவரை மனிதர் எவரும் பார்த்ததே இல்லை என்றால் பட்டியலில் எதை எழுதுவது? அது எவ்வளவு உயரம், அதன் குறுக்கே வழி இருக்கிறதா, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எதுவுமே தெரியாது. சுற்றிலும் பல நூறு கிலோமீட்டருக்கு ஓர் உயிரும் இல்லை. உதவிக்கு அழைக்கத் தொலைபேசியோ வானொலியோ இல்லை. அத்தகைய பயணத்துக்குத் திட்டம் தீட்டி, போய், தம் தோழர்களை உயிரோடு திரும்ப அழைத்து வந்தவர் ரோல்ட் அமுண்ட்சென். தென்துருவத்தை முதன்முதலில் அடைந்த குழுவின் தலைவர் அவர்.

அமுண்ட்சென் 1872ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். தந்தை கப்பல் உரிமையாளர். நான்கு ஆண்மக்களுள் இளையவரான அமுண்ட்சென் மருத்துவராக வேண்டும் என்பது தாயின் விருப்பம். மகனின் மனமோ வேறு இடத்தில் இருந்தது. வட கனடாவின் பனிக்கடலில் தம் குழுவினர் அனைவருடனும் மாண்டுபோன ஜான் பிராங்க்ளின் என்ற ஆங்கிலேயரின் வரலாற்றைப் பதின்ம வயதில் படித்த அவர், தாமும் அந்தக் கடலுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். உடலைக் குளிருக்குப் பழக்குவதற்காக நார்வேயின் கடுங்குளிரிலும் அறையின் சன்னலைத் திறந்து வைத்து உறங்கினார். தாயின் மனம் நோகாமல் இருக்க மருத்துவக் கல்வியில் சேர்ந்தாலும், 1893இல் தாய் இறந்ததும் படிப்பை விட்டுவிட்டார்.

ஆசை மட்டும் போதாது என்பதை அவர் விரைவிலேயே அனுபவத்தில் அறிந்தார். 1896ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தம் அண்ணன் லியோனுடன் நார்வேயின் ஹார்டாங்கர் மேட்டுநிலத்தைப் பனிச்சறுக்குக் கட்டைகளின் உதவியோடு கடக்கப் புறப்பட்டார். இருவரும் புயலில் வழி தவறினர், உணவு தீர்ந்தது. ஓர் இரவு, பனியில் குழி தோண்டி அதற்குள் அவர் உறங்கினார். விடிவதற்குள் மேலே விழுந்த பனி இறுகிக் கட்டியாகிவிட்டது. கையைக்கூட அசைக்க முடியவில்லை. அண்ணன் தேடிக் கண்டுபிடித்துத் தோண்டி எடுக்காமல் இருந்திருந்தால், அவருடைய வரலாறு சொந்த நாட்டு மலையிலேயே முடிந்திருக்கும்.

அதன்பின் அவர் கற்றவை ஒவ்வொன்றும் பிற்காலத் திட்டத்தில் இடம்பெற்றன. 1897இல் 'பெல்ஜிகா' என்ற கப்பலில் அண்டார்டிகாவுக்குச் சென்றார். கப்பல் பனியில் சிக்கி ஓராண்டுக்கும் மேல் அசையாமல் நின்றது. புதிய உணவு இல்லாததால் மாலுமிகளை ஸ்கர்வி நோய் பற்றியது. கப்பலின் மருத்துவர் பிரடெரிக் குக், சீல் என்னும் கடல்விலங்கின் இறைச்சியையும் பெங்குவின் இறைச்சியையும் உண்ணச் செய்தபின் அவர்கள் தேறினார்கள். துருவப் பயணிகளின் உயிரைக் குளிரைவிட உணவே அதிகம் தீர்மானிக்கிறது என்பது அமுண்ட்செனுக்கு அங்கே விளங்கியது.

அடுத்து 1903 முதல் 1906 வரை 'யோவா' என்ற சிறு கப்பலில் ஆறு தோழர்களுடன் கனடாவின் வடக்குக் கடல் வழியே அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் வரை சென்றார். வடமேற்கு வழி எனப்படும் அந்தப் பாதையைக் கப்பலில் முழுமையாகக் கடந்தவர்களில் அவரே முதல்வர். ஆனால் அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய செல்வம் அந்தப் புகழன்று. இடையில் இரண்டு குளிர்காலங்களை அவர் கிங் வில்லியம் தீவில் கழித்தார். அங்கு வாழ்ந்த நெட்சிலிக் இனுயிட் மக்களிடம் மாணவரைப் போல அமர்ந்து பாடம் கற்றார். பனிக்கட்டியை வெட்டி வீடு கட்டும் முறை, நாய்களைச் சறுக்குவண்டியில் பூட்டி ஓட்டும் முறை, கலைமான் தோலாடையை இறுக்கமாக அணியாமல் காற்று புகும்படி தளர்வாக அணியும் முறை ஆகியவை அப்பாடங்களில் சில. வியர்வை ஆடையில் தங்கினால் அது உறைந்து உயிரைக் குடிக்கும். ஐரோப்பியர் பலர் அம்மக்களைக் கல்வியற்றவர் என்று கருதிய காலம் அது. அமுண்ட்செனோ அவர்களையே தம் ஆசிரியராக ஏற்றார். பிராங்க்ளின் குழுவினர் பசியால் மடிந்த அதே நிலப்பகுதியில் நெட்சிலிக் மக்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்து வந்ததை அவர் கண்ணால் கண்டார்.

1909ஆம் ஆண்டு, சயாமின் மேலாட்சியிலிருந்த கெடா ஆங்கிலேயரிடம் கைமாறிய ஆண்டு. கூலிம், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் காடு வெட்டப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் பெருகிவந்த காலம். அதே ஆண்டில் அமுண்ட்சென் வடதுருவம் செல்ல ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். புகழ்பெற்ற துருவப் பயணி நான்சென் தம் பொறுப்பிலிருந்த 'ஃபிராம்' என்ற கப்பலை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அரசாங்கமும் பொருளுதவி செய்தது. செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. வடதுருவத்தை அடைந்துவிட்டதாகக் குக்கும், பியரி என்ற மற்றோர் அமெரிக்கரும் தனித்தனியே அறிவித்தார்கள். முதல்வராகப் போவதில் இனிப் பொருளில்லை என்று எண்ணிய அமுண்ட்சென் தம் திட்டத்தைத் தெற்கு நோக்கித் திருப்பினார். அண்ணன் லியோனையும் மிகச் சிலரையும் தவிர வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நான்செனுக்கும் தெரியாது, பணம் கொடுத்தவர்களுக்கும் தெரியாது. அதே வேளையில் இங்கிலாந்தின் ராபர்ட் ஸ்காட் தென்துருவப் பயணத்தை வெளிப்படையாக அறிவித்து ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்.

1910 ஆகஸ்டில் ஃபிராம் நார்வேயை விட்டுப் புறப்பட்டது. நாய்களை ஏற்றிக்கொண்டு எதற்குத் தெற்கே போகிறோம் என்று மாலுமிகளுக்கே புரியவில்லை. செப்டம்பரில் மடேய்ரா தீவில்தான் அமுண்ட்சென் உண்மையைச் சொல்லி, உடன் வர விருப்பமா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார். அனைவரும் சம்மதித்தனர். ஸ்காட்டுக்கு ஒரு சிறு தந்தி மட்டும் போனது. இந்த மறைப்பு பலருடைய மனத்தைப் புண்படுத்தியது. அதை நியாயப்படுத்துவதும் எளிதன்று. உண்மையைச் சொல்லியிருந்தால் கப்பல் கிடைத்திருக்காது என்று அவர் அஞ்சினார் என்பது மட்டும் தெளிவு.

1911 ஜனவரியில் அவர்கள் அண்டார்டிகாவின் திமிங்கில விரிகுடாவை அடைந்தார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே திட்டத்தின் முதல் துணிச்சல். அது ஸ்காட்டின் முகாமைவிடத் துருவத்துக்குச் சுமார் 100 கிலோமீட்டர் அருகில் இருந்தது. ஆனால் நிலத்தின்மேல் அல்ல, கடலை மூடிய பெரும் பனித்தட்டின் விளிம்பில் இருந்தது. உடைந்தால் முகாமே கடலில் மிதந்துபோகும். அமுண்ட்சென் எழுபது ஆண்டுக் காலப் பயணக் குறிப்புகளைப் படித்து ஒப்பிட்டார். விரிகுடா பெரிதும் மாறாமல் இருப்பதைக் கண்டு, பனிக்கு அடியில் தரை தாங்கி நிற்கிறது என்று முடிவு செய்தார். அந்த விளக்கம் தவறு என்று பிற்காலத்தில் தெரிந்தது. எனினும் அவர் இருந்தவரை பனி உடையவில்லை. நல்ல திட்டத்திலும் நல்லூழுக்குச் சிறிது பங்கு உண்டு போலும்.

நார்வேயில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே கட்டிப் பார்த்து, பிரித்துக் கொண்டுவந்த மரவீட்டை அங்கே பொருத்தினார்கள். ஒன்பது பேர் அதில் குளிர்காலத்தைக் கழிக்கவிருந்தனர். குளிர்காலம் தொடங்கும் முன்பே தெற்கே போய் 80, 81, 82 ஆகிய அட்சரேகைகளில் உணவுக் கிடங்குகள் அமைத்தார்கள். மொத்தம் ஏறத்தாழ மூன்று டன் பொருள். பனிவெளியில் பொருளை வைப்பது எளிது. திரும்பி வரும்போது கண்டுபிடிப்பதுதான் கடினம். பனிமூட்டத்தில் சில நூறு மீட்டர் விலகினாலும் கிடங்கு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கிடங்கின் மேல் ஒரு கொடி நட்டதோடு அவர் நிற்கவில்லை. பாதைக்குக் குறுக்கே, கிழக்கிலும் மேற்கிலும் பல கிலோமீட்டர் தொலைவுக்குக் கொடிகளை வரிசையாக நட்டார். ஒவ்வொரு கொடியிலும் கிடங்கு எந்தப் பக்கம் உள்ளது என்பதை அறிய ஓர் அடையாளம் இருந்தது. வழி தவறி வருபவர் இந்த வரிசையில் எங்காவது மோதியே ஆக வேண்டும். கொடி தீர்ந்தபோது காய்ந்த மீனையே வழிநெடுகப் பனியில் நட்டு வைத்தார்களாம்.

ஏப்ரல் பிற்பகுதியில் மறைந்த கதிரவன் ஆகஸ்டு 24இல்தான் மீண்டும் தோன்றினான். அந்த நான்கு மாத இருளில், பனிக்குள் குடைந்த அறைகளில் பட்டறை நடந்தது. பியாலன் என்பவர் பனிச்சறுக்கு வீரர், தச்சுவேலையும் அறிந்தவர். அவர் சறுக்குவண்டிகளை இழைத்து இழைத்து, ஒன்றின் எடையை ஏறத்தாழ 75 கிலோவிலிருந்து 22 கிலோவாகக் குறைத்தார். விஸ்டிங் தையல் இயந்திரத்தில் கூடாரம் தைத்தார். வெண்பனியில் கூசிய கண்ணுக்கு ஓய்வு கிடைக்கவும், தொலைவிலிருந்து பார்த்தால் தெரியவும் கூடாரங்களுக்குக் கருஞ்சாயம் ஏற்றினார்கள். காலணிகளைப் பலமுறை பிரித்துத் தைத்தார்கள். யோகான்சென் ஆயிரக்கணக்கான பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டிகளில் அடுக்கினார். பெட்டியை வண்டியிலிருந்து அவிழ்க்காமலே உணவை எடுக்கும்படி மேலே வட்ட மூடி அமைந்திருந்தது. உறைந்த கயிற்றை வெறுங்கையால் அவிழ்த்தால் விரலே போய்விடும். அந்த மூடி நாள்தோறும் சில நிமிடங்களையும் பல விரல்களையும் காத்தது.

இத்தனை கவனமாகத் திட்டமிட்டவர் தம் திட்டத்தைத் தாமே மீறினார். ஸ்காட்டிடம் இயந்திரத்தால் ஓடும் சறுக்குவண்டிகள் இருப்பதை எண்ணி அவர் நிம்மதி இழந்திருந்தார். வசந்தம் பிறக்கும் வரை காத்திருக்க முடியாமல், செப்டம்பர் 8ஆம் நாளே ஏழு பேருடன் புறப்பட்டுவிட்டார். மிக முந்திவிட்டோம் என்று முன்பே எச்சரித்தவர் யோகான்சென். சில நாளில் குளிர் உறைநிலைக்குக் கீழே 56 பாகை வரை இறங்கியது. திசைகாட்டிக்குள் இருந்த திரவமே உறைந்தது. நாய்களின் பாதங்கள் புண்ணாயின. சில நாய்கள் மாண்டன. சிலருடைய குதிகால்கள் மரத்துப்போயின. 80ஆம் அட்சரேகைக் கிடங்கில் சுமையை இறக்கிவிட்டு அவர்கள் திரும்பினார்கள்.

திரும்பும் வழியின் கடைசி நாளில் நடந்தது அதைவிட மோசம். அமுண்ட்சென் விரைவான நாய்கள் பூட்டிய வண்டியோடு முன்னால் போய்விட்டார். குழு சிதறியது. கால் பாதிக்கப்பட்ட பிரெஸ்ட்ருட் உணவோ அடுப்போ இன்றிப் பின்தங்கினார். யோகான்சென் அவருக்காகக் காத்து நின்று, இருளில் வழி தேடி, நள்ளிரவுக்குப் பின் அவரை முகாமுக்கு அழைத்து வந்தார். மறுநாள் காலை உணவின்போது, தலைவர் தம் ஆள்களை விட்டுவிட்டு வந்தது தவறு என்று அவர் அனைவர் முன்னிலையிலும் சொன்னார். சொன்னது உண்மைதான். ஆனால் அமுண்ட்சென் அதைப் பொறுக்கவில்லை. முன்பு நான்செனுடன் வடதுருவத்தை நோக்கிச் சென்று வந்த அந்த அனுபவசாலியைத் துருவக் குழுவிலிருந்தே நீக்கி, வேறொரு சிறு பணிக்கு அனுப்பினார். மனம் உடைந்த யோகான்சென் 1913 ஜனவரியில் நார்வேயில் இறந்தார். அமுண்ட்செனின் வெற்றியைப் பேசும்போது இவரையும் விட்டுவிட முடியாது.

ஆயினும் அந்தத் தோல்வி திட்டத்தைச் சீராக்கியது. எட்டுப் பேர் ஐவராயினர். கிடங்குகளில் இருந்த உணவு ஐவருக்குத் தாராளமாகப் போதும். அமுண்ட்சென், பியாலன், விஸ்டிங், ஹான்சென், ஹாசல் ஆகியோர் அக்டோபர் 19ஆம் நாள் நான்கு வண்டிகளுடனும் 52 நாய்களுடனும் மீண்டும் புறப்பட்டனர். வழியில் ஆளுயரத்துக்கும் மேலாகப் பனிமேடுகள் கட்டினார்கள், மொத்தம் 150. ஒவ்வொன்றுக்குள்ளும் அடுத்த மேடு எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளது என்று குறித்த தாள் ஒன்று இருந்தது. துருவத்தை நோக்கிச் செல்லும்போதே திரும்பும் வழியைக் கட்டிக்கொண்டு போனார்கள் எனலாம்.

நவம்பர் நடுப்பகுதியில், 85ஆம் அட்சரேகைக்கு அருகே, அந்த மலை எதிரில் நின்றது. இடமும் வலமும் முடிவில்லாமல் நீண்ட பனிச்சுவர். அமுண்ட்செனின் பட்டியலில் இதற்கு வரைபடம் இல்லை. இருந்தது கணக்கு மட்டுமே. அடிவாரத்தில் முப்பது நாளுக்கான உணவைப் புதைத்துவிட்டு, அறுபது நாளுக்கான உணவுடன் 42 நாய்களை ஏற்ற வேண்டும். மேலே சேர்ந்ததும் 24 நாய்களைக் கொன்று, இறைச்சியை மற்ற நாய்களுக்கும் மனிதருக்கும் உணவாக்க வேண்டும். 18 நாய்களுடன் துருவம் சென்று, அவற்றுள்ளும் சிலவற்றை இழந்து திரும்ப வேண்டும். புறப்படும் முன்பே ஒவ்வோர் உயிரின் நாளும் தாளில் எழுதப்பட்டுவிட்டது. படிப்பவர் மனம் கசக்கும் இந்தக் கணக்கே அத்திட்டத்தின் அச்சாணியாக இருந்தது.

நவம்பர் 17இல் ஏறத் தொடங்கினார்கள். ஒரு சரிவில் ஏறினால் அதற்கு அப்பால் இறக்கம்; பட்ட பாடெல்லாம் வீண்போல் தோன்றும். ஓரிரு வண்டிகளுக்கு எல்லா நாய்களையும் பூட்டி மேலே இழுத்துவிட்டு, மீண்டும் இறங்கி மற்றவற்றை ஏற்றினார்கள். பின்னர் ஆக்சல் ஹைபெர்க் என்று பெயரிட்ட பனியாறு கண்ணில் பட்டது. வீடளவு பனிப்பாறைகளும் அடி தெரியாத பிளவுகளும் நிறைந்த அதன் வழியே நவம்பர் 21இல் உச்சி மேட்டை அடைந்தார்கள். நான்கே நாளில் ஏறிய உயரம் ஏறக்குறைய 3,000 மீட்டர். குனோங் ஜெராய் போல இரண்டு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அவ்வளவு உயரம் வராது. சுமை வண்டியோடு ஏறினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அன்று மாலை கூடாரத்துக்கு வெளியே துப்பாக்கிகள் வெடித்தன. ஒவ்வொருவரும் தாம் வளர்த்த நாய்களைத் தாமே சுட வேண்டியிருந்தது. அடுப்பின் ஓசையால் வெடியோசையை மறைக்க அமுண்ட்சென் அடுப்பை வழக்கத்தைவிட வேகமாகப் பற்றவைத்தார். அந்த முகாமுக்குக் கசாப்புக் கடை என்றே பெயர் வைத்தார்கள். பின்வந்த புயல் அவர்களை நான்கு நாள் அங்கேயே முடக்கியது.

1911 டிசம்பர் 14ஆம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவர்கள் தென்துருவத்தை அடைந்தார்கள். கொடியை அமுண்ட்சென் தனியாக நடவில்லை. ஐவரும் சேர்ந்தே கம்பைப் பிடித்து நட்டார்கள். கணக்கில் பிழை இருக்கலாம் என்பதால் மூவர் மூன்று திசைகளில் பல கிலோமீட்டர் சென்று அடையாளம் நட்டு வந்தனர். கதிரவனின் உயரத்தை மணிக்கு மணி அளந்து இடத்தை உறுதி செய்தனர். ஒரு சிறு கூடாரத்தில் நார்வே மன்னருக்கு ஒரு கடிதமும், அதைச் சேர்ப்பிக்கும்படி ஸ்காட்டுக்கு ஒரு குறிப்பும் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். தாங்கள் வழியில் இறந்தாலும் செய்தி போய்ச் சேரவேண்டும் அல்லவா? 1912 ஜனவரி 25இல் ஐவரும் 11 நாய்களுடன் முகாமுக்குள் நுழைந்தார்கள். 99 நாளில் அவர்கள் கடந்தது ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். அலோர் ஸ்டாரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இரண்டு முறை போய்வரும் தொலைவுக்குச் சற்றே குறைவு.

ஸ்காட் நால்வருடன் ஜனவரி 17இல் துருவம் சென்று அந்தக் கூடாரத்தைக் கண்டார். திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். கடைசி மூவர் இறந்த இடத்திலிருந்து அவர்களுடைய பெரிய கிடங்கு 18 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. அந்த ஆண்டின் கடுங்குளிர், பசி, காயம் எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று மண்ணெண்ணெய். தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கேற்றி வாழ்ந்த பெரியவர்களுக்குத் தெரியும், மூடி சரியில்லாத தகரத்தில் எண்ணெய் தானே குறையும். ஸ்காட்டின் தகரங்களில் மூடியின் தோல் வளையம் குளிரில் சுருங்கியதால் கிடங்குகளில் எண்ணெய் குறைந்திருந்தது. அமுண்ட்சென் முன்னைய பயணங்களில் இக்குறையை அறிந்து தம் தகரங்களைப் பற்றவைத்து அடைத்திருந்தார். ஆயினும் ஸ்காட்டின் முடிவை அறிந்தபின் அவருடைய வெற்றியில் மகிழ்ச்சி முழுமையாக இருக்கவில்லை. உலகம் தோற்றவரைப் பற்றியே அதிகம் பேசியது.

1926இல் அமுண்ட்சென், இத்தாலியரான நோபிலே செலுத்திய வான்கப்பலில் வடதுருவத்துக்கு மேலே பறந்தார். பயணத்தின் பெருமை யாருக்கு என்பதில் இருவரும் பின்னர்ப் பகைத்துக்கொண்டார்கள். 1928 மே மாதம் நோபிலேயின் மற்றொரு வான்கப்பல் வடக்குப் பனிக்கடலில் விழுந்தது. செய்தி கேட்டதும், பகையைப் பாராமல் தேடச் செல்லத் தாம் ஆயத்தம் என்றார் அமுண்ட்சென். அப்போது அவருக்கு வயது 55. இம்முறை குளிர்காலம் முழுக்கத் திட்டமிட நேரமில்லை. கிடைத்த ஒரு பிரெஞ்சுக் கடல்விமானத்தில் ஜூன் 18ஆம் நாள் டிராம்சோ நகரிலிருந்து ஐவருடன் புறப்பட்டார். விமானம் திரும்பவில்லை. நோபிலே சில நாளில் மீட்கப்பட்டார். ஆகஸ்டு இறுதியில் மீனவர்கள் அந்த விமானத்தின் மிதவை ஒன்றைக் கடலில் கண்டெடுத்தார்கள். அமுண்ட்செனின் உடல் கிடைக்கவே இல்லை.